யாரைக் கேட்டு?

மனிதக் குரலுக்கு இயற்கை ஓர் எல்லையை வகுத்திருக்கிறது. திறந்த வெளியில் பேசுகிறவரிடமிருந்து நாம் இருமடங்கு தொலைவு விலகினால் ஒலியின் அளவு 6 டெசிபெல் குறைகிறது. மீண்டும் இருமடங்கு விலகினால் மீண்டும் 6 டெசிபெல். இப்படித் தேய்ந்து தேய்ந்து, ஓர் இடத்தில் அக்குரல் காற்றோடு காற்றாகிவிடுகிறது. எனவே கேட்க விரும்புகிறவர் நெருங்கி வருகிறார்; விரும்பாதவர் விலகிச் செல்கிறார். இதனைக் குரலின் குறைபாடு என்றே நாம் எண்ணி வந்திருக்கிறோம். அது குறைபாடு மட்டுமன்று, கேட்பவருக்கு இயற்கை அளித்த சுதந்திரமும் ஆகும் என்பதை அண்மையில்தான் நான் உணர்ந்தேன். அதுவும் நானே செய்த ஒரு தவற்றினால் உணர்ந்தேன். அதைச் சொல்லி, அது எழுப்பிய கேள்வியை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பெருங்குரலின் கதை

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஒருவரது குரல் எத்தனை பேரை எட்டமுடியும்? 1739ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜார்ஜ் விட்ஃபீல்ட் என்னும் ஆங்கிலிக்கன் மறையுரையாளர் தெருவில் நின்று உரையாற்றினார். கூட்டத்தில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளினுக்கு உரையைவிட அதன் எட்டுந்தொலைவில் ஆர்வம் பிறந்தது. குரல் தெளிவாகக் கேட்கும்வரை பின்னோக்கி நடந்தார். அந்தத் தொலைவை ஆரமாகக் கொண்டு அரைவட்டம் ஒன்றைக் கற்பனை செய்து, ஆளுக்கு இரண்டு சதுர அடி என்று கணக்கிட்டார். முப்பதாயிரம் பேருக்கு மேல் கேட்கலாம் என்று விடை வந்தது. இக்கணக்கைத் தம் தன்வரலாற்றில் அவரே பதிவு செய்திருக்கிறார். இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிராங்க்ளின் விரும்பிய கணத்தில் இன்னும் பத்தடி பின்னால் நடந்து அக்குரலிலிருந்து விடுபட்டிருக்கலாம்.

1915ஆம் ஆண்டில் பீட்டர் ஜென்சன் என்னும் டென்மார்க் நாட்டவரும் எட்வின் பிரிதம் என்னும் அமெரிக்கரும் தாங்கள் கலிபோர்னியாவில் உருவாக்கிய ஒலிபெருக்கியைச் சான்பிரான்சிஸ்கோ நகரில் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் மேக்னவாக்ஸ்; இலத்தீன் மொழியில் பெருங்குரல் என்று பொருள். 1919 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் சான்டியாகோ நகரின் விளையாட்டரங்கில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் முன்னிலையில் இக்கருவியின் துணையால் உரையாற்றினார். நாடுகளின் கூட்டமைப்புக்கு மக்களின் ஆதரவைத் திரட்ட அவர் மேற்கொண்ட பயணம் அது. அன்று அவர் நின்று பேசியது ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள். பேசுகிறவர் கூண்டுக்குள் இருக்க, குரல் மட்டும் வெளியே பெருகிச் சென்றது. தமது குரல் எவர்மீது எவ்வாறு விழுகிறது என்பதைப் பேசுகிறவர் உணர இயலாத நிலைமைக்கு அந்தக் கூண்டு ஒரு தொடக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒரு சிறு பெட்டி

நான் பாலிடெக்னிக் ஒன்றில் மின்னணுவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எங்கள் பகுதியில் அருட்சகோதரிகள் நடத்தும் சிறிய மருத்துவமனை ஒன்றில் பொது ஒலிபரப்பு அமைப்பைப் புதுப்பிக்க வேண்டும் என்று சில ஆண்டுகளுக்கு முன் என்னை அழைத்தார்கள். அவர்களுடைய தேவை மூன்று. மருத்துவரையோ செவிலியரையோ அவசரமாக அழைக்க வேண்டும். தீ முதலிய ஆபத்துகளில் அனைவருக்கும் அறிவிக்க வேண்டும். சிற்றாலயத்தில் நடைபெறும் வழிபாடு, எழுந்து வர இயலாத நோயாளிகளுக்குக் கேட்க வேண்டும்.

பழைய முறையை வாசகர்கள் அறிவார்கள். ஒரு மைக்; ஓர் ஆம்ப்ளிபயர்; அதிலிருந்து இரண்டு கம்பிகள் கட்டடம் முழுவதும் ஓடி எல்லா ஒலிபெருக்கிகளையும் தொட்டுச் செல்லும். ஒருவர் பேசினால் எல்லாருக்கும் கேட்கும். ஓரிடத்தை மட்டும் நிறுத்த வேண்டுமானால் தனிக் கம்பியும் தனி விசையும் வேண்டும்.

இன்றைய முறை வேறு. மைக்கை நெட்வொர்க் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் ஒரு சிறு பெட்டியில் செருகுகிறோம். ஒலி இடைமுகம் என்று தமிழில் சொல்லலாம். அப்பெட்டி ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்குகிறது. அவ்வெண்களைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, கணிப்பொறிகளை இணைக்கும் அதே கேபிள் வழியே அனுப்புகிறது. மறுமுனையில் உள்ள ஒலிபெருக்கி அவற்றைப் பிரித்து மீண்டும் ஒலியாக்குகிறது. ஆஸ்திரேலியாவின் ஆடினேட் நிறுவனம் உருவாக்கிய டான்டே என்னும் முறை இவற்றுள் பெரிதும் பரவியது. வெவ்வேறு முறைகள் ஒன்றோடொன்று பேசுவதற்கென ஏ.இ.எஸ். 67 என்னும் பொதுத்தரம் 2013ஆம் ஆண்டு வந்தது. ஒரு செப்புக் கேபிள் 100 மீட்டர் வரை செல்லலாம். அதற்கும் அப்பால் கண்ணாடி இழை வேண்டும். பெட்டிக்குத் தேவையான மின்சாரமும் அதே கேபிளில் வந்துவிடுவதால் தனி மின்இணைப்பும் தேவையில்லை. எனவே அதற்குத் தனி விசையும் இல்லை. அது உறங்குவதே இல்லை. இந்தச் சிறு விவரம் பின்னால் எனக்குப் பெரும் பாடமாயிற்று.

இவ்வமைப்பில் என்னை வியக்கவைத்தவை இரண்டு. முதலாவது, அதன் காலக் கணக்கு. எல்லாப் பெட்டிகளும் ஒரே கடிகாரத்துக்கு இணங்கினால்தான் ஒலி சிதறாமல் வரும். அவை தமக்குள் ஒன்றைத் தலைமைக் கடிகாரமாகத் தேர்ந்துகொள்கின்றன. அது பழுதுபட்டால் மற்றொன்று அப்பொறுப்பை ஏற்கிறது. மைக்கில் பிறந்த ஒலி நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் மறுமுனையை அடையும்படி அமைக்கலாம். நெட்வொர்க் சுவிட்சில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வசதி ஒன்று இருந்தால் அதை நிறுத்திவைக்க வேண்டும். அந்த வசதியினால் கடிகாரம் தடுமாறும். இத்தனை நுட்பமான ஒழுங்கு அது.

இரண்டாவது, ஒலியைத் தாமதப்படுத்தும் கலை. திருவிழா நாளில் முற்றத்தில் கூட்டம் கூடுகிறது. மேடையிலிருந்து 34 மீட்டர் பின்னால் ஒரு கம்பத்தில் ஒலிபெருக்கி இருக்கிறது. மேடையின் ஒலி காற்றில் அங்கு வந்துசேர ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். கம்பியில் வரும் ஒலியோ உடனே வந்துவிடும். ஆகவே அங்கு நிற்பவருக்கு ஒரே சொல் இருமுறை கேட்டுக் குழப்பும். இதற்குத் தீர்வாக, கம்பத்து ஒலிபெருக்கியை வேண்டுமென்றே தாமதிக்கச் செய்கிறோம். மேடையின் குரல் வந்துசேர்ந்த பிறகு, கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைந்த இடைவெளியில் அது பேசும். முதலில் வந்த ஒலியின் திசையையே காது நம்புகிறது என்பதை ஜெர்மானியரான ஹெல்முட் ஹாஸ் 1949ஆம் ஆண்டில் ஆராய்ந்து காட்டினார். அதனால், உண்மையில் தலைக்கு மேலுள்ள ஒலிபெருக்கியே உதவினாலும், குரல் மேடையிலிருந்து வருவதாகவே கேட்பவர் உணர்கிறார். உதவுகிறவன் ஓர் அடி பின்னால் நின்றுகொள்கிறான்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். நல்ல பொறியாளர் பேசுகிறவரின் வாயருகே நின்று அளப்பதில்லை. கேட்பவரின் இருக்கையில் அளவுமைக்கை வைத்து அளக்கிறார். பேச்சு எவ்வளவு உரக்க இருக்கிறது என்பதைவிட எவ்வளவு தெளிவாக விளங்குகிறது என்பதைக் காட்ட 0 முதல் 1 வரை ஒரு குறியீடே வைத்திருக்கிறார்கள். அவசர அறிவிப்பு அமைப்புகளில் அது 0.5க்குக் குறையாதிருக்க வேண்டும் என்பது பரவலாகக் கைக்கொள்ளப்படும் அளவு. இத்துறையின் கணக்குகள் எல்லாம் கேட்பவரை மையமாகக் கொண்டவை. ஆயினும் ஒரு கணக்கு அதில் விடுபட்டிருக்கிறது. கேட்பவருக்குக் கேட்க விருப்பமா என்னும் கணக்கு அது.

சந்தா கட்டிய ஒலிபெருக்கி

டான்டே முறையில் எந்த மைக்கின் குரல் எந்த ஒலிபெருக்கிக்குச் செல்லவேண்டும் என்பதைக் கணிப்பொறித் திரையில் ஒரு கட்டத்தைத் தொட்டு முடிவு செய்கிறோம். வெளிப்பார்வைக்கு, நாம் குரலை அனுப்புகிறோம் என்று தோன்றும். உள்ளே நடப்பது நேர்மாறானது. ஒலிபெருக்கிதான் கேட்கிறது. 'சிற்றாலய மைக்கின் குரல் எனக்கு வேண்டும்' என்று அது பதிந்துகொள்கிறது. இதற்குத் தொழிலில் வழங்கும் ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் சந்தா. வாசகர்கள் இவ்விதழுக்குச் சந்தா செலுத்துவது போலவே ஒலிபெருக்கியும் ஒரு குரலுக்குச் சந்தாதாரராகிறது. கேட்காத ஒலிபெருக்கிக்கு அந்தக் குரல் ஒலியாக வருவதில்லை.

இதை முதலில் அறிந்தபோது, எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு என்று மகிழ்ந்தேன். இயந்திரங்கள்கூடத் தம்மைக் கேட்டே கொடுக்க வேண்டும் என்று அமைத்திருக்கிறார்களே என்று மாணவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அந்த ஒலிபெருக்கியின் கீழே ஒரு கட்டில் இருக்கிறது. கட்டிலில் ஒரு மனிதர் படுத்திருக்கிறார். அவர் எதற்கும் சந்தா கட்டவில்லை. அவருக்காக அந்தக் கட்டத்தைத் தொட்டவன் நான். இதை நான் அப்போது எண்ணிப்பார்க்கவில்லை.

இந்தச் சந்தாவுக்கு இன்னோர் இயல்பும் உண்டு. ஒலிபெருக்கி அதை மறப்பதில்லை. மின்சாரம் போய் வந்தாலும் நினைவில் வைத்திருக்கும். குரல் கொடுக்கும் பெட்டியையே கழற்றி எடுத்துச் சென்றுவிட்டாலும், அந்தப் பெயருக்காகக் காத்திருக்கும். அதே பெயருடைய பெட்டி என்றாவது திரும்பி வந்தால், எவரும் எதையும் தொடாமலே தானாக இணைந்துகொள்ளும். பழுதான பெட்டியை எளிதில் மாற்றுவதற்காக ஏற்பட்ட வசதி இது.

நடந்தது

மருத்துவமனையின் திருவிழாவன்று, சிற்றாலயத்தின் வழிபாடு எல்லா வார்டுகளின் நடைக்கூடங்களிலும் கேட்கும்படி இணைத்தேன். அன்று மாலையே சிற்றாலயத்தின் இடைமுகப் பெட்டியை வேறொரு நிகழ்ச்சிக்காகக் கழற்றி எடுத்துச் சென்றோம். வார்டுகள் அமைதியாயின. அந்த அமைதியைக் கண்டு இணைப்பு அறுந்தது என்று எண்ணிக்கொண்டேன். திரையில் சந்தாவை நீக்கவேண்டும் என்று தோன்றவில்லை. பேசாதிருப்பவர் மறந்துவிட்டார் என்று நாம் தவறாக முடிவு கட்டுவதில்லையா, அது போன்றதுதான் இதுவும்.

மூன்று வாரங்களுக்குப் பின் பெட்டி திரும்பி வந்தது. சிற்றாலயத்தில் அதை வைத்துக் கேபிளைச் செருகிவிட்டு வீடு திரும்பினேன். சிற்றாலயத்தின் ஆம்ப்ளிபயர் அணைந்திருந்தது. ஆகவே அங்கே எந்த ஒலியும் எழவில்லை. ஆனால் பெட்டி விழித்திருந்தது. விசையில்லாத மைக்கும் விழித்திருந்தது. நடைக்கூடத்து ஒலிபெருக்கிகள் தாம் காத்திருந்த பெயரைக் கண்டுகொண்டன.

அன்று அந்திநேரத்தில் ஒரு பெண் சிற்றாலயத்துக்குள் வந்தார். அவருடைய கணவர் மாடி வார்டில் பல நாட்களாகப் படுத்திருந்தார். அங்கே ஒருவரும் இல்லை என்று எண்ணி, பீடத்தின் அருகே மண்டியிட்டு வாய்விட்டுப் பேசினார், அழுதார். அவர் பேசியது நடைக்கூடங்களில் கேட்டது. ஒரு செவிலிப் பெண் என்னவென்று உணர்ந்து ஓடிச்சென்று கேபிளைப் பிடுங்கும்வரை, சில நிமிடங்கள் அது கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் என்ன சொன்னார் என்பதை நான் இங்கு எழுதப்போவதில்லை. எழுதினால் அதே தவற்றை இரண்டாம் முறையும் செய்தவனாவேன். மனிதர் தம் கடவுளிடம் மட்டுமே சொல்லக்கூடிய சில சொற்கள் உண்டு. அவை அத்தகையவை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அவர் படியேறி வார்டுக்குத் திரும்பியபோது, நடைக்கூடத்தில் இருந்தவர்கள் தம்மைப் பார்த்த பார்வையிலிருந்தே நடந்ததை ஊகித்துக்கொண்டார் என்று பிறகு அறிந்தேன்.

மறுநாள் நான் அவரைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டேன். கருவி எப்படி இயங்குகிறது, பெயர் எப்படி நினைவில் நிற்கிறது என்றெல்லாம் விளக்க முற்பட்டேன். அவர் குறுக்கிட்டார். சினந்துகொள்ளவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"யாரைக் கேட்டு இதையெல்லாம் வைத்தீர்கள்?"

என்னிடம் விடையில்லை. நிர்வாகத்தைக் கேட்டிருந்தேன். மின்பணியாளரைக் கேட்டிருந்தேன். விலையைக் கேட்டிருந்தேன். படுத்திருந்தவர்களையும் மண்டியிட்டிருந்தவரையும் கேட்கவில்லை.

கேள் என்னும் சொல்

நம் மொழியில் 'கேள்' என்னும் வினைக்குச் செவியால் உணர்வது என்றும் வினவுவது என்றும் இருபொருள் உண்டு. வேண்டுவது என்பதும் அதனுள் அடங்கும். 'யாரைக் கேட்டு' என்றால் எவருடைய ஒப்புதலோடு என்று பொருள். அதே 'கேள்' பெயர்ச்சொல்லாகும்போது உறவு என்று பொருள்படுகிறது. கேளிர் என்றால் உறவினர், கேண்மை என்றால் நட்பு. திருக்குறளில் கேள்வி என்று ஓர் அதிகாரமே உண்டு. அங்கே அச்சொல் கற்றவர் சொல்லச் செவிமடுத்து அறிவு பெறுவதைக் குறிக்கிறது. செவிமடுத்தல், வினவுதல், உறவு ஆகிய மூன்றையும் ஒரே சொல்லுக்குள் வைத்த நம் முன்னோர், இவை ஒன்றையொன்று பிரிந்தால் என்னாகும் என்பதையும் அறிந்தே வைத்தார்களோ என்று தோன்றுகிறது. கேட்காமல் கேட்கவைப்பது உறவாகாது. கேட்காமல் ஒருவரைப் பிறர் கேட்கும்படி செய்வதும் உறவாகாது.

இவ்விரண்டு தவறுகளும் ஒரே நிகழ்ச்சியில் இருந்தன. அந்தப் பெண்ணின் குரல் அவரைக் கேளாமலே பிறருக்குச் சென்றது. அது எல்லாருக்கும் தெரிந்த தவறு. ஆனால் அதற்கு மூன்று வாரம் முன்பே மற்றொன்று நடந்துவிட்டிருந்தது. திருவிழாவன்று வழிபாட்டைக் கேட்க விரும்புகிறீர்களா என்று எந்த நோயாளியையும் நாங்கள் கேட்டிருக்கவில்லை. அதை எவரும் தவறு என்று சொல்லவில்லை, பலர் பாராட்டினார்கள். இச்சம்பவத்துக்குப் பிறகு வார்டுகளில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனேன். நான்கு மாதங்களாக அங்கிருந்த, வேறு சமயத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர், அன்று முழுவதும் தலையணையால் காதை மூடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். ஏன் சொல்லவில்லை என்றேன். "காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கிறார்கள். வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன், தம்பி?" என்றார்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம் வழக்கு. கடன்பட்டவரின் மௌனமும் எழுந்து செல்ல முடியாதவரின் மௌனமும் சம்மதமாகா. பிராங்க்ளினுக்குப் பின்னால் நடக்க வழி இருந்தது. கட்டிலில் கிடப்பவருக்கு அந்த வழி இல்லை. எங்கே விலகிச் செல்லும் வழியில்லையோ அங்கே கேட்கும் கடமை இருமடங்காகிறது.

நல்லதைச் சொல்வதற்குமா?

இங்கே ஒரு தடை எழும். 'தீயதைச் சொன்னால் தவறு. நல்லதைச் சொல்வதற்கும் ஒப்புதல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா?' என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். அவர் எழுப்பிய கேள்வி எளிதாகத் தள்ளிவிடக்கூடியதன்று.

அதற்கு வலுச்சேர்க்கும் சான்றும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியபோது, புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் ஊரில், சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் தந்த எச்சரிக்கை, ஊரின் அறிவு மையத்து ஒலிபெருக்கி வழியாக அறிவிக்கப்பட்டது. மக்கள் ஓடினார்கள், உயிர்கள் பிழைத்தன. எவரையும் கேட்டுக்கொண்டிருக்க அப்போது நேரமில்லை, கேட்டிருக்கவும் கூடாது.

ஆனால் இந்தச் சான்று எதை மெய்ப்பிக்கிறது? ஆபத்து வருகிறது என்று அறிந்திருந்தால், அந்த ஊரில் எவரும் 'எனக்குச் சொல்லுங்கள்' என்று கேட்டிருப்பார். சொன்னவர் அவர்களுடைய கேள்விக்கு முன்கூட்டியே விடை தந்தார், அவ்வளவே. கேட்பவரின் விருப்பத்தை மீறுவதும், அவர் கேட்க வாய்ப்பில்லாத நொடியில் அவருக்காகக் கேட்பதும் ஒன்றல்ல. அதோடு, ஒலிபெருக்கி ஓயாமல் எதையேனும் சொல்லிக்கொண்டே இருந்தால் மக்கள் அதைக் கேளாச் செவியராகவே பழகிவிடுவர். ஆபத்து நாளில் அதன் சொல் ஏறவேண்டுமானால் மற்ற நாட்களில் அது வீணே பேசாதிருக்க வேண்டும்.

நம் நாட்டுச் சட்டமும் இத்திசையில்தான் நடந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், எழுத்து மூலமான அனுமதியின்றி ஒலிபெருக்கியைப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன; இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் அதற்குத் தடை விதிக்கின்றன; மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பரப்பை அமைதிப் பகுதியாக்க இடம் தருகின்றன. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், சென்னையைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவ சபை தொடர்பான வழக்கில், பிறரின் அமைதியைக் குலைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்னும் கருத்தை உச்ச நீதிமன்றம் வெளியிட்டது. 2005 ஜூலையில் வந்த மற்றொரு தீர்ப்பில், பேசுவதற்கு ஒருவருக்குள்ள உரிமைக்கு இணையாகக் கேட்காதிருப்பதற்கும் மற்றவருக்கு உரிமை உண்டு என்று தெளிவுபடுத்தியது. தெருவில் வைக்கும் கூம்பு ஒலிபெருக்கியிலிருந்து மருத்துவமனையைக் காக்கச் சட்டம் இருக்கிறது. மருத்துவமனைக்கு உள்ளேயே, அன்பின் பெயரால் நாம் வைக்கும் ஒலிபெருக்கியிலிருந்து நோயாளியைக் காக்க நம் மனச்சான்றுதான் இருக்கிறது.

நண்பருக்கு நான் இன்னொன்றும் சொன்னேன். எரிகோவின் வழியோரம் அமர்ந்திருந்த பர்த்திமேயு பார்வையற்றவர். அவருக்கு என்ன வேண்டும் என்பது பார்த்த எவருக்கும் விளங்கும். ஆயினும் இயேசு அவரை அழைத்து, தாம் என்ன செய்யவேண்டும் என்று விரும்புகிறாய் என வினவிய பிறகே குணப்படுத்தினார். தெரிந்த நன்மையைச் செய்வதற்கும் அவர் கேட்டார். நாம் கேட்பதனால் நம் நன்மை குறைந்துபோகுமா?

நாங்கள் மாற்றியவை

பெரிய மாற்றங்கள் எவையும் இல்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் அது இருக்கும் இடத்தையே பெயராக இட்டோம். தற்காலிகமாகக் கொடுத்த ஒவ்வோர் இணைப்பையும் நோட்டில் எழுதி, நீக்கிய பின்னரே கையெழுத்திடுவது என்று வைத்துக்கொண்டோம். சிற்றாலய மைக்குக்கு விசையும், அது உயிரோடிருக்கும் வரை எரியும் சிவப்பு விளக்கும் பொருத்தினோம். பேசுகிறவர் தாம் கேட்கப்படுகிறோம் என்பதை அறியவேண்டும் என்பதே அவ்விளக்கின் பொருள்.

ஒலிபரப்பை மூன்றாகப் பிரித்தோம். ஆபத்து அறிவிப்பு எல்லா இடத்துக்கும், எல்லாவற்றையும் மீறிச் செல்லும். மருத்துவரை அழைக்கும் குரல் பணியாளர் இருக்கும் இடங்களுக்கு மட்டும் செல்லும். வழிபாடு, கேட்டவரின் கட்டிலருகே உள்ள சிறு காதுக்கருவிக்கு மட்டும் வரும். அதைத் திறப்பதும் மூடுவதும் அவர் கையில். சேர்க்கைப் படிவத்தில் இதற்கென ஒரு வரி சேர்த்தோம். படிவத்தில் கேட்பதோடு நில்லாமல் நேரிலும் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் முகம் மாறாமல் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று சகோதரிகள் தாங்களே முடிவு செய்தார்கள்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஓர் அறையில் இரண்டு கட்டில்கள். ஒரு மூதாட்டி, "காதில் மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்பது வழிபாடா? நாலு பேரோடு சேர்ந்து பதில் சொன்னால்தானே எனக்கு மனம் நிறையும்" என்கிறார். அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு உறக்கம் வேண்டும். இருவரின் வேண்டுதலும் நியாயமானது. இதற்கு எந்தக் கட்டத்தைத் தொடுவது என்று எனக்கு விளங்கவில்லை. சகோதரி ஒருவர் மூதாட்டியைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி நாள்தோறும் சிற்றாலயத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறார். குரலை மனிதரிடம் கொண்டுசெல்வதற்கு மாறாக, மனிதரைக் குரலிடம் கொண்டுசெல்லும் பழைய வழி அது. ஒரு சகோதரியின் அரைமணி நேரம் அதற்குச் செலவாகிறது. அந்த அரைமணியை மிச்சப்படுத்தவே நாம் கருவியை வாங்கினோம் என்பதையும் நான் மறக்கவில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றி வாசகர்கள் கேட்கக்கூடும். அவருடைய கணவர் ஓரளவு தேறி வீடு திரும்பினார். அதற்கு முந்திய நாட்களில் அவர் சிற்றாலயத்துக்கு மீண்டும் வந்ததை ஒருமுறை கண்டேன். வாசலில் நின்று முதலில் மைக்கைப் பார்த்தார். விளக்கு அணைந்திருந்தது. கேபிளையும் கழற்றித் தொங்கவிட்டிருந்தோம். ஆயினும் பீடத்தருகே செல்லாமல் கடைசி இருக்கையின் ஓரத்தில் அமர்ந்தார். அவருடைய உதடுகள் அசையவில்லை.

பெட்டி திரும்பி வந்ததும் ஒலிபெருக்கிகள் பழைய பெயரை அறிந்து நொடியில் இணைந்துகொண்டன. மனித மனம் அப்படி இணைந்துகொள்வதில்லை. அதை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கத்தான் வேண்டும்.